மொரீஷியஸில் காரில் சுற்றப் போகிறீர்களா?

தீவின் நீளம் 65 கிலோமீட்டர்தானே, ஒரே நாளில் வட்டமடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஊர்களுக்குள் சாலை குறுகல், கடைவாசலிலேயே வண்டிகள் நிற்கும், பேருந்துக்குப் பின்னால் மாட்டினால் ஊர்ந்துதான் போக வேண்டும். அதனால் ஒரு நாளுக்கு ஒரு திசை போதும். தென்மேற்குக்குத் தனியாக ஒரு நாள்: காலையில் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் காட்சிமுனை, அப்புறம் ஷாமரேல் ஏழு வண்ண மண், அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கினால் லெ மோர்ன் மலையடியில் கடல். என்னைக் கேட்டால் தீவிலேயே இதுதான் சிறந்த பாதை, அவசரப்படாமல் போங்கள்.

தலைநகர் போர்ட் லூயிஸ் வழியாகப் போவதென்றால் அலுவலக நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். வண்டி இடதுபக்கம்தான், நமக்குச் சிரமமில்லை, ஆனால் அறுவடைக்கு முன் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், பக்கச் சாலையில் வண்டி வருவதே தெரியாது, திருப்பங்களில் நிதானம்.

ஜூன், ஜூலையில் ஆறு மணி தாண்டினாலே இருட்டிவிடும், மலைச்சாலையை அதற்குள் முடித்துவிடுங்கள். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் காற்று பலமாக இருக்கும், குளிக்க மேற்குக் கரைக்குப் போங்கள். மேற்குக் கரையின் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் வெயில் அடிக்கும்போதே, உள்ளே மேட்டுநிலத்தில் இருக்கும் கியூர்பிப் ஊரில் மழை பெய்யும், காரில் ஒரு ஸ்வெட்டரும் குடையும் இருக்கட்டும்.