பெரிய முழு எண்களை அறிவியல் குறியீட்டில் எழுதுவது எப்படி?

பழைய தமிழ்க் கணக்கில் மூவாயிரத்தை ௩௲ என்று எழுதுவார்கள். ௩ என்றால் மூன்று, ௲ என்றால் ஆயிரம். முன்னால் ஒரு சின்ன எண், பின்னால் அதன் அளவு. அறிவியல் குறியீட்டில் அதுவே 3 × 10³. ஒரே ஒரு நிபந்தனை: முன்னால் நிற்கும் எண் 1-க்குக் குறையக்கூடாது, 10-ஐத் தொடவும் கூடாது.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி அமைவதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தத் தொகையையே எழுதிப் பார்ப்போம்.

படி 1: 15,00,000-இல் கமாக்களை எடுத்துவிடுங்கள். 1500000.

படி 2: முழு எண்ணின் கடைசியில் ஒரு தசமப்புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை இடப்பக்கமாக நகர்த்தி, முதல் இலக்கத்துக்கு அடுத்து நிறுத்துங்கள். 1.500000.

படி 3: புள்ளி எத்தனை இடம் தாண்டியது? ஆறு. அதுதான் 10-இன் அடுக்கு. கடைசிப் பூச்சியங்களை விட்டுவிட்டால், 1.5 × 10⁶.

பிள்ளைகள் அதிகம் தவறுவது மூன்றாவது படியில்தான். பூச்சியங்களை எண்ணி, ஐந்து இருக்கிறதே என்று 1.5 × 10⁵ என எழுதிவிடுவார்கள். அது ஒன்றரை லட்சம். பத்தில் ஒரு பங்காகிவிட்டது. சரி, 15 × 10⁵ என்று எழுதினால்? மதிப்பு சரிதான், ஆனால் 15 பத்தைத் தாண்டிவிட்டதால் அது அறிவியல் குறியீடு ஆகாது.

பூச்சியத்தை நம்பக்கூடாது என்பதற்கு மின்வேதியியலிலேயே நல்ல உதாரணம் உண்டு. ஃபாரடே மாறிலி, அதாவது ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம், ஏறத்தாழ 96,485 கூலும். இதில் பூச்சியமே இல்லை. ஆனாலும் புள்ளி நான்கு இடம் தாண்டுகிறது: 9.6485 × 10⁴.

லட்சம், கோடி என்று பேசிப் பழகிய நமக்கு இது இன்னும் சுலபம். லட்சம் என்றால் 10⁵, கோடி என்றால் 10⁷. இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 15 × 10⁷, 15-ஐ 1.5 ஆக்கினால் அடுக்கில் ஒன்று கூடும். ஆக, 1.5 × 10⁸.

எழுதிய விடையைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். 7.02 × 10⁵ என்றால் புள்ளியை வலப்பக்கம் ஐந்து இடம் தள்ள வேண்டும்: 7,02,000.

அப்புறம், 40,50,000-ஐ நீங்களே எழுதிப் பாருங்கள். நடுவில் இருக்கும் பூச்சியத்தை விட்டுவிடாதீர்கள். 4.05 × 10⁶ வந்தால் சரி.