பள்ளி மானியத்தில் முதலில் சோப்பு, அப்புறம்தான் பெயிண்ட்

பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு. சமக்ர சிக்ஷா (மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டம்) மானியம் 101 முதல் 250 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை, அதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரத்துக்கு என்பது விதி. அதாவது 5,000 ரூபாய், பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500. இதைக் கூட்டத் தீர்மானத்திலேயே தனியாக எழுதி வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் சுவருக்குப் பெயிண்ட் அடித்தே பணம் தீர்ந்துவிடும் (பெயிண்ட்தான் வருகிறவர்கள் கண்ணில் படும், என்ன செய்வது).

சோப்பைத் திண்ணையில் வைத்தால் கரையும், இல்லை காணாமல் போகும். பழைய கொசுவலைத் துணியில் முடிந்து குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள், நுரையும் நன்றாக வரும்.

மாத்திரைக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை, எல்லாமே இலவசம். இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், டீயோடு போட்டால் சத்து சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது, இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். எல்லை தாண்டி ஆந்திராவின் நகரி பக்கமிருந்து நடு வருஷத்தில் வந்து சேரும் பிள்ளைகளிடம் அங்கே குடற்புழு மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.