மலையூரில் முதியோரை நடக்க வைப்பது எப்படி?

கொடைக்கானலில் குளிருக்கு அஞ்சி முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டால் கால் தசைகள் விரைவில் வலுவிழக்கும். அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், நடையும் தசைப்பயிற்சியும் சேர்ந்த திட்டம் நடமாட்ட இழப்பைக் குறைத்தது. 400 மீட்டர் நடக்க இயலுவதே அங்கு அளவுகோல்.

வெயில் ஏறி, பனியின் ஈரம் காய்ந்த பிறகு, ஏரியைச் சுற்றிய சாலையில் பத்து நிமிடத்தில் தொடங்கச் செய்யுங்கள். பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிடங்களை மெல்ல எட்டலாம். இறக்கத்தில் முழங்காலுக்குச் சுமை கூடுவதால் கைத்தடி கொடுங்கள். மழை நாளில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதைப் பழக்குங்கள்; கழிப்பறைக்குத் துணையின்றிச் செல்லும் வலிமையை அதுவே காக்கும் என்பதால், நடையைவிடவும் இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.