குழந்தையின் பால் பல்லில் அடிபட்டால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

நாங்கள் லண்டனின் ஹாரோ பகுதியில் குடிவந்து ஐந்தாவது வாரம். மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. சாக்ஸ் போட்ட காலோடு வழவழப்பான தரையில் ஓடியவள், வாடகை வீட்டில் முன்பே கிடந்த மேசையின் விளிம்பில் வாய் மோத விழுந்தாள். வாயெல்லாம் ரத்தம். துடைத்துப் பார்த்தால் மேல் முன்பல் இரண்டில் ஒன்று பாதிக்குமேல் ஈறுக்குள் ஏறியிருந்தது. ஊரில் என்றால் தெரிந்த பல் டாக்டரிடம் அரை மணி நேரத்தில் போய் நின்றிருப்போம். இங்கே யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. அன்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று பிறகு பல நாள் நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் தலையைப் பாருங்கள். விழுந்ததும் மயங்கியதா, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறதா, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கண் சொருகுகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் பல்லை மறந்துவிட்டு நேரே ஏ அண்ட் இ எனப்படும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். எழுப்பினாலும் விழிக்கவில்லை, மூச்சு விடத் திணறுகிறது என்றால் 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

ரத்தம் பயமுறுத்தும். எச்சிலோடு கலந்து வருவதால் கொஞ்சமும் நிறையவாகத் தெரியும். மேலுதட்டின் உட்புறத்தையும் ஈறையும் இணைக்கும் சிறிய சவ்வு ஒன்று உண்டு. அது கிழிந்தால் கொட்டும், ஆனால் பெரும்பாலும் தையல் இல்லாமல் தானே ஆறிவிடும். சுத்தமான ஈரத்துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்த்தால் மறுபடி கிழியும். வீடியோ காலில் என் அம்மா காப்பித்தூள் வைக்கச் சொன்னார். அவர் பதற்றம் எனக்குப் புரிந்தது, ஆனாலும் வைக்கவில்லை. காயத்தில் தூள் எதையும் அப்பாதீர்கள், மஞ்சள் உட்பட.

அடுத்து, பற்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் தரையில், சட்டையில், சோபா இடுக்கில் தேடுங்கள். கிடைக்காமல், குழந்தை இருமிக்கொண்டோ மூச்சு இரைத்துக்கொண்டோ இருந்தால் பல் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். உடனே ஏ அண்ட் இ. பல் கிடைத்துவிட்டால், அதைத் திரும்பக் குழிக்குள் செருகாதீர்கள். முழுதாக விழுந்த பால் பல்லைத் திரும்ப வைப்பதில்லை. அதன் வேருக்குப் பக்கத்திலேயே நிலைப்பல்லின் முளை வளர்ந்துகொண்டிருக்கிறது. அழுத்திச் செருகினால் அதுதான் சேதமாகும். விழுந்த பல்லை டாக்டரிடம் காட்ட எடுத்துப் போனால் போதும். (உங்களுக்கு மூத்த பிள்ளையும் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆறேழு வயதுக்கு மேல் முளைத்த நிலைப்பல் விழுந்தால் நிலைமை தலைகீழ். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி, உடனே குழியில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.)

சரி, யாரைக் கூப்பிடுவது? ஜிபி (நாம் பதிவு செய்துகொள்ளும் குடும்ப டாக்டர்) பல்லுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. ஜிபி-யிடம் பதிவு செய்துவிட்டோம், அதுவே போதும் என்று நாங்கள் நினைத்திருந்தது தவறு. பல் டாக்டரை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தால் அங்கே போன் செய்து, சின்னக் குழந்தை, பல்லில் அடி என்று சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லையென்றாலோ, இரவு அல்லது ஞாயிறு என்றாலோ, 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். இதைப் போனிலேயே செய்யுங்கள். 111-இன் இணையதளம் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான்; நான் அதில் பத்து நிமிடத்தை வீணாக்கினேன். ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ் இன்டர்பிரட்டர்' என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) பல் சிகிச்சை இலவசம். காசுக்குப் பயந்து நாளைத் தள்ளாதீர்கள். ஆனால் என்எச்எஸ் நோயாளிகளைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் டாக்டர் கிடைப்பது பல ஊர்களில் கடினம். அதனால் வந்த முதல் மாதத்திலேயே, பல் நன்றாக இருக்கும்போதே, நான்கைந்து இடங்களுக்குப் போன் செய்துவிடுங்கள். ஜிபி-யைப் போல வீட்டு முகவரிக்கு உட்பட்ட எல்லை இதில் இல்லை. பக்கத்து ஊரிலும் பார்க்கலாம். பெரியவர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லும் சில இடங்களில் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

எப்படி விழுந்தாள், எத்தனை மணிக்கு, யார் கூட இருந்தார்கள் என்று மருத்துவப் பணியாளர்கள் மூன்று பேர் எங்களிடம் தனித்தனியே கேட்டார்கள். நாங்கள் அடித்துவிட்டோம் என்று சந்தேகப்படுகிறார்களோ என்று என் கணவர் உடைந்துபோனார். இந்த நாட்டில் அடிபட்டு வரும் எந்தச் சிறு குழந்தையின் பெற்றோரிடமும் இப்படிக் கேட்பது அவர்கள் கடமை. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். 'அடி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடும்போது மட்டும் கவனம்: 'ஹிட்' என்றால் யாரோ அடித்ததாகவும் புரிந்துகொள்ளலாம். 'ஃபெல்' என்று தொடங்குங்கள்.

இப்போது எங்களை மிகவும் வாட்டிய விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார். 'இதைத் தொட வேண்டாம், காத்திருப்போம்' என்றார். மருந்துச் சீட்டு கூடக் கிடையாது. 'இங்கே எதற்கெடுத்தாலும் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்' என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருந்ததால், எங்களையும் தட்டிக் கழிக்கிறார்கள் என்றே நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகுதான் புரிந்தது, ஈறுக்குள் போன பால் பல்லுக்குப் பெரும்பாலும் அந்தக் காத்திருப்புதான் சிகிச்சை. குழந்தையின் தாடை எலும்பு மென்மையானது. அதனால் பல் உடைவதைவிட இடம் பெயர்வதே அதிகம். உள்ளே போன பல் தானாக இறங்கி வரும். பொதுவாக ஆறு மாதத்துக்குள், சில சமயம் ஒரு வருடம் வரை ஆகும். அதை இழுப்பதோ பிடுங்குவதோ பின்னால் வளரும் நிலைப்பல்லுக்கு ஆபத்தாக முடியலாம். பல் கடிக்கவிடாமல் குறுக்கே நின்றாலோ, மிகவும் ஆடினாலோ வேறு முடிவு எடுப்பார்கள்.

சில வாரங்களில் பல் சாம்பல் நிறமாகலாம். எங்களுக்கும் ஆனது. ஒவ்வொரு வீடியோ காலிலும் 'பெண் பிள்ளைக்கு முன்பல் இப்படி ஆகிவிட்டதே' என்ற பேச்சு. நிறம் மாறியதற்காக மட்டும் பால் பல்லைப் பிடுங்குவதோ வேர் சிகிச்சை செய்வதோ இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது சீழ். பல்லுக்கு மேலே ஈறில் பருப்போலக் கொப்புளம், உதடு அல்லது கன்ன வீக்கம், காய்ச்சல், ஆட்டம் திடீரென்று கூடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த செக்கப் வரை பொறுக்காமல் போன் செய்யுங்கள்.

வீட்டில் பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள். வலிக்குமே என்று இரண்டு நாள் விட்டேன், ஈறு சிவந்துவிட்டது. மென்மையான பிரஷ், மூன்று வயதுக்குள் என்றால் 1000 பிபிஎம் ஃப்ளூரைடாவது உள்ள பேஸ்ட் லேசான பூச்சாக. இட்லி, குழைந்த சாதம் கொடுங்கள். விரல் சூப்பும் பழக்கமும் பால் புட்டியும் கொஞ்ச நாள் குறையட்டும்.

வலிக்குப் பாரசிட்டமால் கொடுக்கும்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஊரிலிருந்து கொண்டுவந்த சிரப்பையும் இங்கே வாங்கியதையும் ஒரே அளவில் கொடுக்காதீர்கள். இங்கே சிறு குழந்தைகளுக்கானது 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். இந்திய சிரப்புகளில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ளவையும் உண்டு. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. லேபிளைப் படியுங்கள், சந்தேகமிருந்தால் ஃபார்மசியில் கேளுங்கள். ஆஸ்பிரின் 16 வயதுக்குள் கூடாது.

நர்சரியில் விழுந்தால் அவர்கள் அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும், முதலுதவி என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து. நீட்டும் தாளில் அவசரமாகக் கையெழுத்துப் போடாமல் படித்துவிட்டு, குழந்தையின் வாயை அங்கேயே திறந்து பாருங்கள்.

வீடு மாறும்போது, அடிபட்ட தேதியையும் அன்று எடுத்த படத்தையும் புது டாக்டரிடம் காட்டுங்கள். என் மகளுக்கு இப்போது நான்கு வயது. பல் ஏழு மாதத்தில் இறங்கிவிட்டது, சாம்பல் நிறம் வெளிறி லேசான மஞ்சளாக நிற்கிறது. நிலைப்பல் முளைக்கும்போது அதில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு புள்ளி இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் இருக்கின்றன.