கண்புரை ஆபரேஷன் ஆனவரை கேதார்நாத் கூட்டிப்போகும் முன்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பத்ரி, கேதார் யாத்திரைக்குப் பெயர் கொடுக்கும் பெரியவர்களில் கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் நிறைய. அவ்வளவு உயரத்தில் உள்ளே வைத்த லென்ஸ் நகர்ந்துவிடுமோ என்றுதான் வீட்டில் பயப்படுகிறார்கள். நகராது. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம்தான், ஆனால் அதனால் லென்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, கண்ணுக்குள் கேஸ், அதாவது வாயுக் குமிழி, வைத்திருக்கிறார்களா என்பது. சாதாரண புரை ஆபரேஷனில் வைப்பதில்லை, ஆனால் விழித்திரையையும் சேர்த்துச் சரிசெய்திருந்தால் வைத்திருக்கலாம். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் கேஸ் விரியும், கண் அழுத்தம் எகிறி பார்வையே போகலாம். அது கரைய வகையைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை விமானம், ஹெலிகாப்டர் மட்டுமல்ல, 2,240 மீட்டர் உயர ஊட்டிக்குக் காரில் போவதும் கூடாது. டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

கேஸ் இல்லையா, சரி. அப்போதும் சொட்டு மருந்து முடியும்வரை, அதாவது நாலு முதல் ஆறு வாரம், மலையைத் தள்ளிப்போடுங்கள். ஆபரேஷனுக்குப் பின் கிருமி தொற்றினால் அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும். இங்கே இருந்தால் ஆட்டோ பிடித்து எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், கேதார்நாத்துக்கு நடை தொடங்கும் கௌரிகுண்டுக்கு மேலே ஆட்டோ போக ரோடே கிடையாது.

அப்புறம் வெயில். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், புதிதாக விழுந்த பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீரிலிருந்து அடிக்கும் கூச்சமும், வருஷக்கணக்கில் வெயில் பட்டு கருவிழி ஓரத்தில் சதை வளர்வதும் நன்றாகத் தெரியும். லடாக்கில் உள்ள லே மாதிரி உயரமான ஊரில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதே ஆபத்துதான், புரை வரும் வாய்ப்பும் கூடுதல். அதனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி 400 என்று போட்ட, பக்கவாட்டையும் மறைக்கிற கண்ணாடியை கண்ணாடிக் கடையில் சோதித்து வாங்குங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி போட்டால் இருட்டுக்குக் கண்மணி விரிந்து கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். மேகமூட்டம் என்று கழற்றவும் வேண்டாம்.

மலைக்காற்று வறண்டது, கண் உறுத்தும். ஈரப்பதத்துக்கான சொட்டு மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கி, குளிரில் உறையாமல் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்ரிநாத்தில் தப்த குண்டு என்ற வெந்நீர்க் குளத்தில் குளிக்கும்போது, ஆபரேஷன் ஆகி ரொம்ப நாள் ஆகாதவர்கள் தோள்வரை நனைத்தால் போதும், தலை முழுக வேண்டாம்.

பனியில் நடந்த அன்று ராத்திரி இரண்டு கண்ணும் மணல் விழுந்த மாதிரி எரிந்து நீர் கொட்டினால் அது பனி வெளிச்சம் சுட்டது. கசக்காமல், வெளிச்சம் படாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். ஆபரேஷன் செய்த கண் மட்டும் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், முகாம் டாக்டரை எழுப்பிக் காட்டி, கீழே இறங்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.