வளைத்தால்தான் பேகல்

பேகல் என்ற வளைய வடிவ ரொட்டியை எப்படிச் செய்வது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் யூதர்களின் இட்டிஷ் மொழியின் 'பெய்கல்' வழியாக வந்தது. எபிரேய எழுத்தில் எழுதினாலும் இட்டிஷ் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. 'பெய்கல்' சொல்லின் வேர், பழைய ஜெர்மனில் காப்பு, வளையம் என்று பொருள்படும் சொல். 'வளைத்தல்' என்று பொருள்படும் ஜெர்மன் வினைக்கும் அதே வேர்தான். வளை, வளையல் என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1683 வியன்னா போர் வெற்றிக்காகத்தான் பேகலை முதன்முதலில் குதிரை அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) வடிவில் செய்தார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம். 1610-லேயே போலந்தின் கிராக்கோவ் யூதச் சமூக விதிகளில் இந்தச் சொல் இருக்கிறது.

எட்டு பேகலுக்கு மைதா 500 கிராம், குளிர்ந்த தண்ணீர் 270 மி.லி., உப்பு 10 கிராம், சர்க்கரை 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, 12 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். கை வலிக்கிறதே என்று தண்ணீர் சேர்த்தால் பன்தான் வரும்.

அரை மணி நேரம் மூடிவைத்து, 100 கிராம் உருண்டைகளாக்குங்கள். ஒவ்வொன்றையும் 25 செ.மீ. கயிறாகத் திரித்து, உள்ளங்கையைச் சுற்றி வளைத்து, முனைகளை 3 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மேடையில் உருட்டி ஒட்டவையுங்கள். மேடையில் மாவு தூவினால் முனை ஒட்டாது, கொதிநீரில் பிரிந்துவிடும். ஈரக்கையால் தடவினால் போதும். மெதுவடைபோல விரலால் ஓட்டை போடலாம், ஆனால் ஓட்டை சீக்கிரம் அடைந்துவிடும்.

சென்னை வெயிலில் வெளியே வைத்தால் மாவு பொங்கிச் சரியும். எண்ணெய் தடவிய தட்டில் மூடி, ஃப்ரிட்ஜில் 12 மணி நேரம் வையுங்கள். ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: மிதந்தால் தயார். மூழ்கினால் வெளியே 20 நிமிடம்.

இரண்டு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி வெல்லம் கரைத்து, பக்கத்துக்கு 45 விநாடி வேகவிடுங்கள். மேல்தோலின் மாவுச்சத்து வெந்து இறுகுவதால்தான் பேகல் அடுப்பில் அதிகம் உப்பாமல், மெல்லும் பதத்தோடு மினுமினுப்பாக வருகிறது. நேரம் மிஞ்சினால் தோல் சுருங்கும். ஈரம் காயுமுன் எள் தூவி, நன்றாகச் சூடேற்றிய ஓடிஜியில் (சிறிய மின் அடுப்பில்) 220 டிகிரியில் சுமார் 20 நிமிடம். ஆறிய பிறகே அறுங்கள், சூட்டில் உள்ளே பிசுபிசுக்கும்.