கடல் குளம்போலக் கிடக்கும் காலை: கயாக், பாய்ப்படகில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், ஜூலையில் காலை ஏழு மணிக்குச் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கரையில் நின்று பாருங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டிவிட்டால் கடல் இழைத்த பலகைபோல வழவழவென்று கிடக்கும். புதிதாகக் கயாக் (சிறு துடுப்புப் படகு) வாங்கியவருக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று தோன்றும். வருடத்தின் மோசமான நாட்களில் அது ஒன்றாகவும் இருக்கலாம். ஆபத்து முன்னால் தெரியும் தண்ணீரில் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று, மீனவர்கள் கச்சான் என்பது, கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். நம் கரை கிழக்கு பார்த்தது என்பதை ஒரு நொடி நினைத்துக்கொண்டால் மீதி தானாகப் புரியும்.

கரையோரச் சவுக்குத் தோப்பும் கட்டடங்களும் காற்றை மறைப்பதால் மணலில் நிற்பவருக்கு அது தென்றல்போலத்தான் படும். அரை கிலோமீட்டர் உள்ளே போனதும் மறைப்பு விலகி முழு வேகமும் மேலே விழும். அலையும் நம்மை விட்டு விலகி ஓடுவதால் கரையிலிருந்து அதன் முதுகு மட்டும்தான் தெரியும். வெள்ளை நுரை மறுபக்கம் உடைந்துகொண்டிருக்கும். திரும்பிக் கரையைப் பார்த்துத் துடுப்பு போடும்போதுதான் அந்த நுரை முகத்துக்கு நேராக வரும்.

கணக்கு எளிது. புதியவர் அமைதியான நீரில் மணிக்கு 4 முதல் 5 கி.மீ. போவார். காற்றின் தள்ளுவிசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 10 நாட் (knot; ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கி.மீ.) காற்று 14 நாட் ஆனால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். 20 நாட் ஆனால் நான்கு மடங்கு. போகும்போது காற்று தள்ளிவிட்ட தூரத்தை, சோர்ந்த கையோடு அந்த விசையை எதிர்த்துத் திரும்பக் கடக்க வேண்டும். "மதியம் கடல்காற்று வந்ததும் அதுவே கரை சேர்த்துவிடும்" என்ற நம்பிக்கையும் இந்த இரண்டு மாதங்களில் பலிக்காது. ஏப்ரல், மேயில் நண்பகலை ஒட்டி வந்துவிடும் கடல்காற்று, மேற்குக் காற்று பலமான நாட்களில் மாலைவரை இழுத்தடிக்கும். சில நாள் வரவே வராது.

கரையிலிருந்து வெளியே காற்று வீசும் நாளில் கடலுக்குள் நேராகப் போகாதீர்கள். ஆள் நின்றால் கால் தட்டும் ஆழத்தை ஒட்டிக் கரையோடு போங்கள். காற்று கரைக்கு இணையாக வீசினால் முதலில் எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்குங்கள். பலரும் தலைகீழாகச் செய்வார்கள், கிளம்பும்போது கிடைக்கும் வேகம் அவ்வளவு சுகம். 10 நாட்டுக்கு மேல் வீசினால் புதியவர்கள் படகைக் கிளப்பாமல் இருப்பதே நல்லது.

நீரோட்டத்துக்கும் இதே முறைதான். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. வடகிழக்குப் பருவத்தில் பெரும்பாலும் வன்னிதான். இறங்குமுன் வலை மிதவையைச் சற்று நேரம் பாருங்கள்: தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு எந்தப் பக்கம் கோடு இழுக்கிறதோ, அந்தப் பக்கம்தான் நீங்களும் போவீர்கள். கரையில் வலை உலர்த்துபவரிடம் "அண்ணே, தெண்டியா வன்னியா?" என்று கேட்டால் இன்னும் சீக்கிரம் விடை கிடைக்கும்.

ராமேசுவரத்தில் இரண்டு கடல்

ஜனவரியில் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்து ஜூலையில் அதே இடத்துக்குப் போவது இங்கே நடக்கும் தவறு. தீவின் வடக்கே பாக் நீரிணைப் பகுதி, உள்ளூரில் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். தென்மேற்குப் பருவத்தில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கு அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் மாறும். ஆகவே அந்தந்தப் பருவத்தில் அடங்கிய பக்கத்துக்குப் போ என்பார்கள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. தீவு காற்றை மறைப்பதால்தான் அந்தப் பக்கம் அடங்கியிருக்கிறது. அப்படியானால் அங்கே காற்று கரையிலிருந்து வெளியேதான் வீசும். கோவளத்தின் அதே பொறி. ஜூலையில் வடக்குக் கரையிலிருந்து அடித்துச் செல்லப்பட்டால் போகும் திசையில் சர்வதேச கடல் எல்லை இருக்கிறது. தெற்கே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் எதிலும் இறங்கக் கூடாது. ஆழமில்லாத இடத்தில் படகிலிருந்து இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும். மிதித்தால் வால் முள் பாயும்.

வானிலைச் செயலியைத் தப்பாகப் படிப்பது

திரையில் 10 என்று இருக்கிறது, நாட் என்று நினைத்துக் கிளம்புகிறார்கள். அமைப்பு விநாடிக்கு மீட்டரில் இருந்திருக்கும். 10 என்றால் 19 நாட்டுக்கு மேல். அளவையை ஒருமுறை நாட்டுக்கு மாற்றிவிட்டு அப்புறம் எண்ணைப் பாருங்கள். அலை உயரத்தை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. ஒரு மீட்டர் அலை 5 விநாடிக்கு ஒன்றாக வந்தால் சலசலப்பு. அதே ஒரு மீட்டர் 14 விநாடிக்கு ஒன்றாக வந்தால் எங்கோ தொலைவில் பிறந்த கனத்த அலை, ஆழம் குறைந்ததும் எழும்பி உடையும். குமரிப் பக்கம் கள்ளக்கடல் என்பது இதுதான். உள்ளூரில் இலை அசையாத நாளிலும் தெற்கு இந்தியப் பெருங்கடலின் அலை கரையேறும். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் எச்சரிக்கை அந்த நாளுக்கு இருந்தால் விவாதமே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் கூண்டு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை.

இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தோன்றாதது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வராத கடலில் நீங்கள் தத்தளித்தால் கண்ணில் படுபவர்கள் குறைவு.

கயாக்கும் உடம்பும்

லைஃப் ஜாக்கெட்டை இருக்கையில் கட்டிவைப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போட்டுக்கொள்பவர்களும் தளர்வாகப் போடுகிறார்கள். பட்டைகளை இழுத்த பிறகு இரண்டு தோள்பட்டையையும் ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். மூக்குவரை ஏறினால் தண்ணீரில் அது தலைக்கு மேலே போகும், நீங்கள் அடியில் இருப்பீர்கள்.

மேலே அமரும் வகைக் கயாக் மூழ்காது என்பது அரை உண்மை. பின்பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் திருகு மூடி இருக்கிறதல்லவா, அதன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள்: வெடித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் பக்கெட் கணக்கில் உள்ளே போகும். 20 லிட்டர் என்பது 20 கிலோ. அது ஒரே இடத்தில் நிற்காமல் சாயும் பக்கமெல்லாம் ஓடுவதால், லேசாகச் சாய்ந்தாலே கவிழ்த்துவிடும். காரணமில்லாமல் படகு தள்ளாடினால் திறமையைச் சந்தேகிக்காமல் முதலில் மூடியைச் சந்தேகியுங்கள்.

கவிழ்ந்தால் படகை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். காற்றில் கயாக் ஆளைவிட வேகமாக ஓடும், இரண்டு விநாடி விட்டாலே பிடிக்க முடியாது. ஒரு கை படகில் இருக்கட்டும். தலைகீழாக இருந்தால் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துப் புரட்டுங்கள். நடுப்பகுதிக்கு வந்து, காலை நீரின் மேல்மட்டத்துக்கு உதைத்துக் கிடையாக்குங்கள். அப்படியே வழுக்கி வயிறு இருக்கையின் மேல் வரும்வரை ஏறுங்கள். பிறகு மல்லாந்து உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே போடுங்கள். காலைத் தொங்கவிட்டபடி கையால் மட்டும் ஏற முயல்வதால்தான் படகு மறுபடி மேலே கவிழ்கிறது. இடுப்பளவு நீரில் பத்து முறை செய்து பார்த்தபின் ஆழத்துக்குப் போங்கள்.

கரை சேரும்போது கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் நிற்கவே கூடாது. நீர் நிரம்பிய கயாக் 200 கிலோவைத் தாண்டும். முழங்கால் அலைகூட அதைத் தூக்கிக் காலில் அடிக்கும். துடுப்பைப் படகோடு கட்டும் கயிறு காற்றுள்ள திறந்த நீரில் உதவும், உடையும் அலையில் காலைச் சுற்றும். கரைக்கு வருமுன் கழற்றிவிடுங்கள்.

பிச்சாவரம்போன்ற இடங்களில் பிரச்சினை வற்றம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறுவதும் வற்றுவதும் அதிகம். நேரமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றத் தொடங்கும்போது சின்ன வாய்க்காலுக்குள் நுழைந்தால் சேற்றில் உட்கார வேண்டியதுதான். சிப்பி ஒட்டிய வேர்கள் வெறுங்காலைக் கிழிக்கும். முட்டுக்காட்டில் மழைக்குப் பின் முகத்துவாரம் திறந்திருந்தால் பாலத்துக்குக் கிழக்கே போகாதீர்கள்.

பாய்ப்படகுக்கு

பாயை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட் கயிற்றைக் கிளீட்டில் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு) பூட்டிவிட்டு உட்காருவது சின்னப் படகுகள் கவிழ முக்கியக் காரணம். திடீர் வீச்சு வந்தால் கயிறு உடனே தளர வேண்டும், ஆகவே அது கையிலேயே இருக்கட்டும். காற்று பின்னாலிருந்து வரும்போது பூம், அதாவது பாயின் அடி விளிம்பைத் தாங்கும் கழி, சொல்லாமல் மறுபக்கம் பாயும். தலையில் பட்டால் நினைவு போகும். திரும்புமுன் சத்தமாகச் சொல்லி, எல்லோரும் குனிந்தபின் சுக்கானைத் திருப்புங்கள். தரையில் பாய்மரத்தை நிறுத்துமுன்பே, அந்த இடத்திலும் படகைத் தள்ளிக்கொண்டு போகும் வழியிலும் மின்கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்; அலுமினியப் பாய்மரம் கம்பியைத் தொட்டால் பிழைப்பது அரிது.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் ஊசிகளில் சின்ன எஃகு வளையம் கோத்திருக்கும். கயிறு உரசி அது மெல்ல அவிழ்ந்து வெளியே வரும், ஊசி நழுவும், பாய்மரம் விழும். வளையத்தின் மேல் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் போதும். நம் வெயிலில் டேப் சீக்கிரம் பொடிந்துவிடும், மாதம் ஒருமுறை உரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, புதிதாகச் சுற்றுங்கள்.

கிளம்புமுன் கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவையுங்கள். அரை மணி தாண்டினால் அவர் கடலோரக் காவல்படையின் 1554-ஐயோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயோ அழைக்கட்டும். உங்கள் போன் இரட்டைப் பூட்டு நீர்ப்புகாப் பையில், படகில் அல்ல, ஜாக்கெட்டில் கட்டியிருக்க வேண்டும்.